கழிவுநீரில் கரையும் மாத்திரைகள்: பாசியால் சுத்தம் செய்ய முடியுமா? மும்பைக்கு எவ்வளவு இடம் தேவை?

மும்பை: சர்க்கரை நோய்க்குக் காலையில் ஒன்று, இரவில் ஒன்று, மூட்டுவலிக்கு ஒன்று, காய்ச்சல் நீடித்தால் ஐந்து நாள்களுக்கு ஆன்டிபயாடிக். மாத்திரையை விழுங்கியதும் அதன் கதை முடிந்துவிட்டதாகவே பெரும்பாலானோர் கருதுகிறோம். ஆனால் உடலுக்குள் சென்ற மருந்து முழுவதும் அங்கேயே கரைந்துவிடுவதில்லை. சர்க்கரை நோய்க்குப் பரவலாக வழங்கப்படும் மெட்பார்மின் ஏறத்தாழ எந்த மாற்றமும் இன்றிச் சிறுநீருடன் வெளியேறுகிறது. அமாக்சிசிலின் மருந்தில் பாதிக்கு மேலும், சிப்ரோபிளாக்சசினில் பாதியளவும் அவ்வாறே கழிவறையைச் சென்றடைகின்றன. இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023-ஆம் ஆண்டில் தெரிவித்தது. அவர்களில் ஒரு பகுதியினர் மட்டும் தினமும் மாத்திரை உட்கொண்டாலும், சாக்கடையில் சேரும் மருந்தின் அளவு சிறியதாக இருக்காது.

இந்த மிச்சங்களைக் கழிவுநீரிலிருந்து நீக்க உலகெங்கும் பல வழிகள் ஆராயப்படுகின்றன. அவற்றில் மிக எளிமையாகத் தோன்றுவது பாசி. படித்துறையில் கால் வழுக்க வைக்கும் அதே பசுமைதான். தமிழில் பாசிப்பயறும் பாசி, கழுத்தில் அணியும் மணியும் பாசி என்பதால், இங்கு பேசப்படுவது கண்ணுக்குத் தனித்தனியே தெரியாத, ஒரே செல்லால் ஆன நுண்பாசி என்பதைத் தெளிவுபடுத்திவிடுவது நல்லது. குளோரெல்லா, சினெடெஸ்மஸ் ஆகியவை இவ்வகை ஆய்வுகளில் அடிக்கடி இடம்பெறும் இனங்கள்.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் எனத் தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் மும்பைப் பகுதிகளுக்கு இந்தத் தொழில்நுட்பம் பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

மும்பையின் கழிவுநீர் எங்கே செல்கிறது?

மும்பையின் கழிவுநீரில் பெரும்பகுதி நீண்ட காலமாகக் கடலையும் கழிமுகங்களையும் நம்பியே இருந்து வந்துள்ளது. வொர்லி, பாந்த்ரா ஆகிய இடங்களில் குப்பையும் மணலும் மட்டும் அகற்றப்பட்ட கழிவுநீர், 3.4 கிலோ மீட்டர் நீளமுள்ள குழாய்கள் வழியாக அரபிக் கடலுக்குள் விடப்படுகிறது. காட்கோபர், பாண்டுப் பகுதிகளின் நீர், காற்றூட்டப்பட்ட குட்டைகளில் தங்கிய பிறகு தாணே கழிமுகத்தை அடைகிறது. இவை தவிர, சாக்கடை இணைப்பே இல்லாத குடியிருப்புகளின் கழிவு மித்தி ஆற்றில் கலக்கிறது. விஹார், பவாய் ஏரிகளின் உபரிநீரில் தொடங்கும் மித்தி, தாராவியின் ஓரமாகச் சென்று மாஹிம் கழிமுகத்தில் கடலில் சேர்கிறது. 2005 ஜூலை 26 பெருவெள்ளத்தின்போது நகரம் முழுவதும் உச்சரித்த பெயர் அது.

இந்த நிலையை மாற்ற வொர்லி, பாந்த்ரா, மலாட், காட்கோபர், தாராவி, பாண்டுப், வெர்சோவா ஆகிய ஏழு இடங்களில் புதிய கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைக்கப்படுகின்றன. சுமார் ரூ.17,200 கோடி மதிப்பிலான இத்திட்டத்துக்குப் பிரதமர் நரேந்திர மோடி 2023 ஜனவரி 19 அன்று அடிக்கல் நாட்டினார். ஏழும் சேர்ந்து நாளொன்றுக்கு 246 கோடி லிட்டர் நீரைச் சுத்திகரிக்கும் திறன் கொண்டவை. இதில் தாராவி நிலையத்தின் பங்கு மட்டும் 41.8 கோடி லிட்டர்.

எனினும், இந்நிலையங்கள் எதற்காக வடிவமைக்கப்படுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். நீரிலுள்ள கரிமக் கழிவு, மிதக்கும் திடப்பொருள், நைட்ரஜன், மலக்கிருமிகள் ஆகியவற்றைக் குறைப்பதே அவற்றின் பணி. இந்தியாவில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்கான தர அளவுகோல்களில் மருந்து மிச்சங்களுக்கு இடமே இல்லை. எனவே அவற்றை அளக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பாராசிட்டமால், இப்யூபுரூபன் போன்றவற்றைச் சாதாரண சுத்திகரிப்பு நிலையத்திலுள்ள பாக்டீரியாக்களே பெருமளவு சிதைத்துவிடும். வலிப்பு நோய்க்கான கார்பமசெபைன், வலிநிவாரணியான டைக்ளோபினாக், சில ஆன்டிபயாடிக்குகள் ஆகியவற்றை அவ்வாறு சொல்ல இயலாது. அவற்றில் கணிசமான பகுதி உள்ளே வந்ததுபோலவே வெளியேறுகிறது.

குடிநீரில் ஆபத்தா?

இச்செய்தியைப் படிக்கும் மும்பைவாசிகள் முதலில் குழாயைத் திறந்து பார்க்கக்கூடும். அவர்கள் அஞ்ச வேண்டிய இடம் அதுவல்ல. மும்பையின் குடிநீர் பாத்ஸா, தான்சா, மோடக் சாகர், மேல் வைதர்ணா, மத்திய வைதர்ணா, விஹார், துளசி ஆகிய ஏரிகளிலிருந்தே வருகிறது. நகரின் கழிவுநீர் அந்த ஏரிகளுக்குத் திரும்பிச் செல்வதில்லை. அது செல்லும் இடம் கழிமுகமும் கடலும், அங்கு வலை வீசும் கோலி மீனவர்களின் வாழ்விடமும்தான்.

ஆறுகளைக் குடிநீருக்கு நம்பியிருக்கும் ஊர்களில் நிலைமை வேறு. காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி ஆகிய மூன்று தமிழக ஆறுகளில் கார்பமசெபைன், டைக்ளோபினாக் உள்ளிட்ட மருந்துகளும், சோப்புகளில் சேர்க்கப்பட்டு வந்த டிரைக்ளோசான் என்ற கிருமிநாசினியும் இருப்பது 2011 முதல் வெளியான ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. தாராவித் தமிழர்களில் பெரும்பாலானோரின் பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை என்பதை நினைத்தால், விட்டு வந்த ஊரின் ஆற்றிலும் வந்து சேர்ந்த ஊரின் ஆற்றிலும் ஒரே வகைப் பொருள்கள் கரைந்து ஓடுவது புலப்படும்.

உலக அளவிலும் இதுவே நிலை. பிரிட்டனின் யார்க் பல்கலைக்கழகம் தலைமையில் 104 நாடுகளின் 258 ஆறுகளில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2022-இல் வெளியாயின. மாதிரி எடுக்கப்பட்ட இடங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் கார்பமசெபைன், மெட்பார்மின், காபியிலுள்ள காபின் ஆகிய மூன்றும் காணப்பட்டன.

இந்த அளவுகள் மிகச் சிறியவை. ஒரு லிட்டரில் ஒரு கிராமின் கோடியில் ஒரு பங்கு என்ற வரிசையில் இருப்பவை. ஒரு குவளை நீரைக் குடிப்பவருக்கு இதனால் உடனடித் தீங்கு நேரும் என்று சொல்வது மிகைப்படுத்தல். கவலை வேறு இடத்தில் இருக்கிறது. கொல்லும் அளவுக்குப் போதாத ஆன்டிபயாடிக்குடன் நாள்தோறும் பழகும் பாக்டீரியாக்களில், அதைத் தாங்கும் திறன் கொண்டவை மட்டும் பெருகுகின்றன. அந்தத் திறனை அவை மற்ற பாக்டீரியாக்களுக்கும் கடத்துகின்றன. மருந்துகளுக்குக் கட்டுப்படாத தொற்றுகள் 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 12.7 லட்சம் உயிரிழப்புகளுக்கு நேரடிக் காரணமாக இருந்ததாக மருத்துவ இதழான தி லான்செட் வெளியிட்ட மதிப்பீடு கூறுகிறது. அதற்கு முதன்மைக் காரணம் மருந்துகளைத் தேவையின்றிப் பயன்படுத்துவதே. கழிவுநீரும் அச்சங்கிலியில் ஒரு கண்ணி.

இந்தியாவில் இதற்கு மிக மோசமான எடுத்துக்காட்டு ஹைதராபாத் அருகேயுள்ள பட்டான்சேரு. சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவைப் பெற்றுவந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறிய நீரை ஸ்வீடன் விஞ்ஞானி யோவாக்கிம் லார்சன் குழுவினர் ஆராய்ந்தனர். 2007-இல் வெளியான அவர்களின் அறிக்கைப்படி, ஒரு லிட்டரில் 31 மில்லிகிராம் வரை சிப்ரோபிளாக்சசின் இருந்தது. இது சிகிச்சையின்போது நோயாளியின் இரத்தத்தில் காணப்படும் அளவைவிடவும் அதிகம். ஒரே நாளில் அங்கிருந்து வெளியேறிய அந்த மருந்தின் அளவு 45 கிலோ என்றும், ஸ்வீடன் நாடு முழுவதும் ஐந்து நாள்களில் பயன்படுத்தும் அளவுக்கு அது சமம் என்றும் அவர்கள் கணக்கிட்டனர். சுத்திகரிப்பு நிலையம் இருந்தும் இந்த நிலை என்பதே இங்கு முக்கியம்.

பாசி என்ன செய்கிறது?

கழிவுநீரில் பாசியை வளர்க்கும் எண்ணம் புதிதல்ல. அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பொறியாளர் வில்லியம் ஆஸ்வால்ட் 1950-களிலேயே இதற்கான குளத்தை வடிவமைத்தார். ஓட்டப்பந்தயத் தடம்போல் வளைந்து செல்லும் வாய்க்கால். ஆழம் ஏறத்தாழ ஓரடி. நீரை மெதுவாக நகர்த்த ஒரு துடுப்புச் சக்கரம். அவ்வளவுதான். வெயில் அடி வரை எட்ட வேண்டும் என்பதற்காகவே இத்தனை குறைந்த ஆழம்.

பகலில் பாசி ஆக்சிஜனை வெளிவிடுகிறது. அதைக் கொண்டு பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைக்கின்றன. அவை விடும் கரியமில வாயுவைப் பாசி எடுத்துக்கொள்கிறது. வழக்கமான சுத்திகரிப்பு நிலையங்களில் மின்கட்டணத்தின் பாதி அல்லது அதற்கு மேலும் காற்றூட்டும் இயந்திரங்களுக்கே செலவாகும் நிலையில், இங்கு அந்த வேலையைச் சூரியன் இலவசமாகச் செய்கிறது.

மருந்து மிச்சங்கள் இக்குளத்தில் பல வழிகளில் குறைகின்றன. சில மூலக்கூறுகள் பாசியின் செல்சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. சில உள்ளே இழுக்கப்பட்டு, நமது கல்லீரலில் இருப்பதைப் போன்ற நொதிகளால் உடைக்கப்படுகின்றன. வேறு சிலவற்றைப் பாசியின் துணையோடு வாழும் பாக்டீரியாக்கள் தின்கின்றன. நான்காவது வழியில் பாசியைவிட வெயிலுக்கே பங்கு அதிகம்: டைக்ளோபினாக், டெட்ராசைக்ளின், சிப்ரோபிளாக்சசின் போன்றவை ஒளி பட்டால் சிதையக்கூடியவை. ஆழமான, கலங்கிய தொட்டிகளில் நடக்காத இந்தச் சிதைவு, ஓரடி ஆழ வாய்க்காலில் நடக்கிறது. ஆகவே ‘பாசி மருந்தை உண்கிறது’ என்று செய்தித் தலைப்புகளில் சொல்வது பாதி உண்மைதான். குளத்தின் வடிவம், வெயில், பாக்டீரியா, பாசி எல்லாம் சேர்ந்தே அந்த வேலையைச் செய்கின்றன.

பார்சிலோனாவில் வீட்டுக் கழிவுநீரைக் கொண்டு இயங்கிய சோதனைக் குளங்களில் 26 வகை வேதிப்பொருள்களைக் கண்காணித்த ஆய்வு 2015-இல் வெளியானது. சில பொருள்கள் 90 விழுக்காடு வரை நீங்கின. சில துளியும் அசையவில்லை. பொதுவாக இத்தகைய ஆய்வுகளில் பிடிகொடுக்காமல் நிற்பது கார்பமசெபைன். அது பாசியிலும் எளிதில் ஒட்டுவதில்லை, ஒளியிலும் விரைவில் உடைவதில்லை.

இந்தியாவில் பாசி ஆராய்ச்சிக்கு அடித்தளமிட்டவர் ஒரு தமிழர் என்பது பலர் அறியாதது. சென்னையில் 1886-இல் பிறந்த எம்.ஓ. பார்த்தசாரதி ஐயங்கார், இந்தியப் பாசியியலின் தந்தை எனப் போற்றப்படுகிறார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அவர் உருவாக்கிய மரபின் தொடர்ச்சியைப் பின்னாளில் தொழிற்சாலைகளிலும் காணலாம். சென்னை விவேகானந்தா கல்லூரியைச் சேர்ந்த பேராசிரியர் வி. சிவசுப்பிரமணியன் குழுவினர், ராணிப்பேட்டையில் ஓர் ஆலையின் அமிலத்தன்மை மிக்க கழிவுநீரைச் சீராக்க 2000-களில் நுண்பாசியைப் பயன்படுத்தினர். அந்த ஆலை கடற்பாசியிலிருந்து ஆல்ஜினேட் தயாரிப்பது. பெரிய பாசியின் கழிவைச் சிறிய பாசி சுத்தம் செய்தது எனலாம். அது மருந்துக் கழிவு அல்ல. ஆனால் ஆய்வகக் குடுவைக்கு வெளியே, தமிழக வெயிலில், ஓர் ஆலையின் அன்றாடக் கழிவில் பாசி தாக்குப்பிடிக்கும் என்பதற்கு அது சான்று.

இதைவிடப் பெரிய சான்று கொல்கத்தாவின் கிழக்கே இருக்கிறது. சுமார் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள ஈரநிலத்தில் நகரின் கழிவுநீர் ஆழமற்ற மீன் பண்ணைகளுக்குள் விடப்படுகிறது. பாசியும் பாக்டீரியாவும் நீரைத் தெளிவிக்க, பாசியை மீன்கள் உண்கின்றன. பொறியாளர் துருவஜோதி கோஷ் பல ஆண்டுகள் போராடி உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்த இந்த ஈரநிலம், 2002-இல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. மருந்து மிச்சங்கள் என்ற புதிய கோணத்தில் பார்க்கும்போது மட்டும் ஓர் ஐயம் எழுகிறது: பாசியில் ஒட்டியது மீனுக்குள் போகாதா? பாசியை உணவாகவோ தீவனமாகவோ மாற்றும் எந்தத் திட்டமும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

மூன்று தாராவி அளவுக்கு ஒரு குளம்

இனி மும்பைக்கு வருவோம். இங்கு தடையாக இருப்பது வேதியியல் அல்ல, நிலம்.

கணக்கு எளிது. நாளொன்றுக்கு 10 லட்சம் லிட்டர், அதாவது 1,000 கன மீட்டர் கழிவுநீர் வருவதாகக் கொள்வோம். அது ஐந்து நாள்கள் குளத்தில் தங்க வேண்டுமெனில் 5,000 கன மீட்டர் கொள்ளளவு தேவை. ஆழம் 30 சென்டி மீட்டர்தான் என்றால் பரப்பளவு சுமார் 16,700 சதுர மீட்டர், ஏறத்தாழ 4 ஏக்கர். இதே கணக்கை தாராவி நிலையத்தின் 41.8 கோடி லிட்டருக்குப் போட்டால் 1,700 ஏக்கருக்கு மேல் வருகிறது. தாராவியின் மொத்தப் பரப்பே சுமார் 600 ஏக்கர்தான். அதாவது, தாராவி நிலையத்துக்கு வரும் நீரைப் பாசிக் குளத்தில் சுத்தம் செய்ய ஏறக்குறைய மூன்று தாராவி வேண்டும். வழக்கமான சுத்திகரிப்பு முடிந்த நீரை மெருகேற்ற மட்டும் பாசியைப் பயன்படுத்தி, தங்கும் காலத்தை இரண்டு நாளாகக் குறைத்தாலும், தாராவியைவிடப் பெரிய குளமே தேவைப்படும்.

ஒரு சதுர அடிக்கு உலகம் வியக்கும் விலை நிலவும் நகரத்தில், பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் உறங்கும் இடத்தில், இந்த எண்ணைச் சொல்லிவிட்டாலே விவாதம் முடிந்துவிடுகிறது. ஏழு நிலையங்களின் நீரையும் சேர்த்தால் 41 சதுர கிலோ மீட்டர். சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் ஐந்தில் இரண்டு பங்கு.

குளத்துக்குப் பதிலாகக் கண்ணாடிக் குழாய்களிலோ செங்குத்துப் பலகைகளிலோ பாசியை வளர்த்தால் இடம் குறையும். ஆனால் குழாய்களின் விலை, அவற்றின் உட்சுவரில் படியும் அழுக்கு, நீரைச் சுழற்றுவதற்கான மின்சாரம் எல்லாம் கூடும். சூரியன் இலவசமாகச் செய்த வேலைக்கு மீண்டும் கட்டணம் கட்டத் தொடங்குகிறோம்.

பருவமழை இன்னொரு தொல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையின் வானம் நாள்கணக்கில் மூடிக் கிடக்கும். பாசிக்கு வெளிச்சம் குறையும் அதே நாள்களில் குளத்தில் மழைநீர் நிரம்பி, வளர்ந்த பாசியை அடித்துச் செல்லும். கலிபோர்னியாவிலோ ஸ்பெயினிலோ எடுத்த விழுக்காடுகளை இங்கே அப்படியே ஒட்டிப் பார்க்க இயலாது.

வளர்ந்த பாசியை நீரிலிருந்து பிரிப்பதும் கடினம். ஒரு செல்லின் அளவு ஒரு மில்லி மீட்டரில் நூறில் ஒரு பங்கு, சில இனங்களில் அதற்கும் குறைவு. வலையில் சிக்காது, தானாகவும் எளிதில் படியாது. பிரிக்காமல் விட்டால், சுத்தம் செய்த நீரோடு பாசியையும் அதில் ஒட்டிய மருந்தையும் சேர்த்தே கடலுக்கு அனுப்பியதாகிவிடும். பாசியை வளர்ப்பதைவிட அறுவடை செய்வதற்கே அதிகச் செலவாகும் திட்டங்களும் உண்டு. அறுவடை செய்ததை என்ன செய்வது? தீவனமாக்கக் கூடாது என்றால் எரிவாயு தயாரிக்கலாம். வேதியியல் தொழில்நுட்பத்துக்கென 1933-இல் தொடங்கப்பட்ட, யு.டி.சி.டி. என்ற பழைய பெயரிலேயே மாட்டுங்கா மக்கள் இன்றும் அழைக்கும் கல்வி நிறுவனத்தில், உயிரிப் பொருள்களை எரிபொருளாக மாற்றுவதற்கென்றே மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஆய்வு மையம் செயல்படுகிறது. இந்திய மருந்துத் துறையின் முன்னோடிகள் பலர் படித்த வளாகமும் அதுதான்.

இவை எல்லாவற்றுக்கும் நடுவே, யாரும் திட்டமிடாமலேயே மும்பையில் பாசி தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. செம்பூரை ஒட்டிய மாஹுல், சிவ்ரி சேற்றுத் திட்டுகளிலும் தாணே கழிமுகத்திலும் ஆண்டுதோறும் வந்திறங்கும் சிறு பூநாரைகளின் முக்கிய உணவு நீலப்பச்சைப் பாசி. கழிவுநீரின் சத்துகளில் அந்தப் பாசி செழிக்கிறது. 2022-இல் ராம்சர் தலமான தாணே கழிமுகத்தின் இளஞ்சிவப்பு அழகுக்கு நகரின் சாக்கடையும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எங்கே பயன்படும்?

நகரம் முழுமைக்கும் பொருந்தாத ஒன்று, மருந்து அடர்த்தியாகச் சேரும் இடங்களுக்குப் பொருந்தலாம். அவற்றில் முதன்மையானது மருத்துவமனை. நூறு படுக்கைகளுக்கு மேற்பட்ட மருத்துவமனையில் ஒரு படுக்கைக்கு நாளொன்றுக்கு 450 லிட்டர் நீர் எனப் பொறியாளர்கள் கணக்கிடுவது வழக்கம். ஆயிரம் படுக்கைகள் என்றால் 4.5 லட்சம் லிட்டர். மேற்கண்ட கணக்கின்படி அதற்குத் தேவை 2 ஏக்கருக்குச் சற்றுக் குறைவான குளம். பெரிய கிரிக்கெட் மைதானம் ஒன்றில் பாதி. தாராவியை ஒட்டியிருக்கும் சயான் மருத்துவமனை போன்ற நெருக்கமான வளாகங்களில் அதுவும் எளிதல்ல. ஆனால் புறநகரில் புதிதாகக் கட்டப்படும் மருத்துவமனை வளாகங்களிலும் மருந்து ஆலைகளிலும் அது எட்டாக் கனி அல்ல.

மற்றொரு வாய்ப்பு, சுத்திகரித்த நீரை மீண்டும் பயன்படுத்தும் இடங்கள். செம்பூரிலுள்ள ராஷ்ட்ரிய கெமிக்கல்ஸ் அண்ட் பெர்டிலைசர்ஸ் உர ஆலை, மாநகரின் கழிவுநீரைப் பெற்றுச் சுத்திகரித்துத் தன் உற்பத்திக்குப் பயன்படுத்தி வருகிறது. ஆலைப் பயன்பாட்டுக்கு மருந்து மிச்சம் ஒரு பொருட்டல்ல. பாசனத்துக்கோ நிலத்தடி நீரைச் செறிவூட்டவோ இதே நீரைத் தர முனையும் நகரங்களுக்கு அது பொருட்டாகும்.

ஐரோப்பா வேறு பாதையில் செல்கிறது. ஸ்விட்சர்லாந்து 2016 முதல் தனது பெரிய சுத்திகரிப்பு நிலையங்களில் ஓசோன் அல்லது செறிவூட்டப்பட்ட கரி கொண்டு மருந்து மிச்சங்களை நீக்கி வருகிறது. இவற்றுக்கு இடம் குறைவு, செலவு அதிகம். அந்தச் செலவு யாருடையது என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் நிறைவேற்றிய புதிய கழிவுநீர் விதி விடை சொல்கிறது: குறைந்தது 80 விழுக்காட்டை மருந்து, ஒப்பனைப் பொருள் நிறுவனங்கள் ஏற்க வேண்டும். மருந்து நிறுவனங்கள் இதைக் கடுமையாக எதிர்க்கின்றன.

இந்தியாவில் மருந்து ஆலைகளின் கழிவில் எந்த ஆன்டிபயாடிக் எவ்வளவு இருக்கலாம் என வரம்பு விதிக்கும் வரைவு விதிகளை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2020 ஜனவரியில் வெளியிட்டது. 2021 ஆகஸ்டில் இறுதி அறிவிக்கை வந்தபோது அந்த வரம்புகள் அதில் இல்லை. அளவுகோல் இல்லாத இடத்தில் பாசிக் குளத்துக்கோ ஓசோன் கருவிக்கோ எந்த ஆலையும் தானாக முன்வந்து பணம் ஒதுக்காது. இக்கட்டுரையில் சொல்லப்பட்ட தொழில்நுட்பத் தடைகள் அனைத்தையும்விட இதுவே பெரிய தடையாகத் தெரிகிறது.

வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளை என்ன செய்வது?

காலாவதியான மருந்துகளைக் கழிவறையில் கொட்டுவது பல வீடுகளில் வழக்கம். மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டுதல், பொதுவாக அதைத் தவிர்க்கச் சொல்கிறது. மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகளும் மருந்து வணிகர் சங்கங்களும் சேகரிப்பு மையங்கள் அமைக்கலாம் என்றும் கூறுகிறது. கேரள அரசு வீடுகளிலிருந்து பயன்படுத்தாத மருந்துகளைத் திரட்டி அழிக்கும் திட்டத்தை ஏற்கெனவே தொடங்கியுள்ளது.

அதே வழிகாட்டுதலில் ஒரு விதிவிலக்கும் உண்டு. பென்டானில், மார்பின், டிரமடால், டயாசெபம் உள்ளிட்ட 17 மருந்துகள் வீட்டில் மிஞ்சினால் அவற்றைக் கழிவறையிலோ தொட்டியிலோ கொட்டி நீரூற்றிவிட வேண்டும். குழந்தைகளோ வளர்ப்புப் பிராணிகளோ தவறுதலாக ஒரு முறை உட்கொண்டாலும் உயிருக்கு ஆபத்து, பிறர் தவறாகப் பயன்படுத்தவும் வாய்ப்புண்டு என்பதே அதற்குக் காரணம். இந்தப் பட்டியலில் ஆன்டிபயாடிக் எதுவும் இல்லை.